ஊர்ச் சாவைச் சொன்னவன் ஊர்க் கணக்கில் இல்லை

தாலுகா ஆபீஸ் ஜன்னல் வழியாக நமக்குக் கிடைக்கிற பதில் மூன்றே சொல்: "ரெக்கார்டு ஒண்ணும் இல்ல." தாத்தன் பிறந்ததற்கு? இல்ல. தாலி கட்டியதற்கு? இல்ல. செத்ததற்கு? அதுவும் இல்ல. அப்படியானால் இந்த மண்ணில் நாலு தலைமுறையாக ஏர் ஓட்டி, நாற்று நட்டு, மாடு தூக்கி, குழி வெட்டியவன் யார்? பேயா?

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு நாம் திரும்பி வருகிறோம். "நம்ம பாட்டன் படிக்காத ஆளு, பதிஞ்சு வைக்கத் தெரியல, அதான் இல்ல" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தோழர்களே, இந்தச் சமாதானம் பொய். பாட்டனுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஊரில் ஒருத்தனுக்கு எழுதத் தெரிந்திருந்தது. எழுதுவதற்கென்றே அவனுக்குச் சம்பளமும் கொடுக்கப்பட்டது. அவன் ஏன் எழுதவில்லை என்பதுதான் கேள்வி. அவன் எழுதாமல் விட்ட காகிதத்தை இன்று நம்மிடம் எந்த முகத்தோடு கேட்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி.

நோட்டுப் பிடித்த கை

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச்சட்டம் 1899இல் வந்தது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, கிராமத்தில் அந்த நோட்டு இருந்த இடம் கிராம முன்சீப்பின் வீடு. முன்சீப் யார்? நிலம் வைத்திருந்தவன். கோயிலில் முதல் மரியாதை வாங்கியவன். அப்பனுக்குப் பிறகு மகன் என்று வேலையை வீட்டுச் சொத்தாக வைத்திருந்தவன். பக்கத்துணைக்குக் கர்ணம். 1980இல் இந்தப் பதவிகளை அரசு ஒழிக்கும்வரை, ஊரின் பிறப்பும் சாவும் நிலமும் வரியும் இந்த இரண்டு வீட்டுத் திண்ணையில்தான் எழுதப்பட்டன. அந்தத் திண்ணையில் நம்ம ஆள் ஏறி உட்கார்ந்து, "எனக்குப் பிள்ளை பொறந்திருக்கு, எழுதிக்கோ" என்று சொல்லியிருக்க முடியுமா? முன்சீப்பும் சேரிக்குள் கால் வைக்கமாட்டான். தீட்டு.

பிறகு அவனுக்குத் தகவல் எப்படிப் போனது? தலையாரி சொன்னான், வெட்டியான் சொன்னான். அதாவது நம்ம ஆள்தான் சொன்னான். ஊரில் ஒரு சாவு விழுந்தால் பத்து ஊருக்கு நடந்து போய்ச் சேதி சொன்னவன் அவன். பறையடித்தவன் அவன். குழி வெட்டியவன், பிணத்தை எரித்துச் சாம்பலாகும்வரை ராத்திரி முழுக்கக் காவல் இருந்தவன் அவன். எந்த வீட்டில் எந்த மாதம் எந்தக் கிழவன் செத்தான் என்று தலைமுறை தலைமுறையாக மனசில் வைத்திருந்தவன் அவன். ஒரு கிராமத்தின் இறப்புப் பதிவேடு என்று ஒன்று உண்மையில் இருந்தது என்றால் அது வெட்டியானின் மண்டைக்குள் இருந்தது. ஊர்ச் சாவையெல்லாம் சுமந்து சொன்ன அந்த ஆளின் சாவை எழுத மட்டும் நோட்டில் இடம் இல்லை!

சாவு சேதி சொல்லமாட்டோம், பறை அடிக்கமாட்டோம் என்று நம் மக்கள் போராடியதை நாம் அறிவோம். அந்த மறுப்பு நியாயமானது, தொடர வேண்டியது. கூடவே இன்னொன்றையும் கேட்டுவைப்போம்: இத்தனை காலம் உங்க சாவுக்கெல்லாம் கணக்குச் சொன்னோமே, எங்க சாவுக்குக் கணக்கு எங்கே?

இது நேற்று தொடங்கியதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நானூறு தளிச்சேரிப் பெண்களை அங்கே பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்று கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். அதே கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் வருகிறது, தீண்டாச்சேரியும் வருகிறது. எப்படி? வரி நீக்கிய நிலம் எவ்வளவு என்ற கணக்கில். அங்கே குடியிருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. சோழன் காலத்துக் கல்லும் முன்சீப் காலத்துக் காகிதமும் இதில் ஒன்றுதான்: நாம் இடமாக இருக்கிறோம், ஆளாக இல்லை.

இருக்கிற நாலு வரியிலும்

ஏதோ நல்ல காலம், நோட்டில் ஒரு வரி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கும்? "ஆண் குழந்தை" என்று இருக்கும், பெயர் இருக்காது. தகப்பன் பெயர் "முனியன்" என்று இருக்கும். அந்தச் சேரியிலேயே எட்டு முனியன் இருப்பான். சாதியை எழுத மட்டும் மறந்திருக்கமாட்டான்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. அப்பன் பெயர்தான் இனிஷியல். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பெயரன் என்பதுதானே பேரன். எனவே கருப்பன் மகன் முனியன், முனியன் மகன் கருப்பன், மறுபடி கருப்பன் மகன் முனியன் என்று போய்க்கொண்டே இருக்கும். எந்த முனியன் நம்ம முனியன் என்று ஒரு நோட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேல்சாதிக்காரனுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் அவனுக்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கோயில் கணக்கு இருக்கிறது, ஜாதகக் கட்டு இருக்கிறது. ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துக் கொடுக்கும். நமக்கு விட்டது விட்டதுதான்.

வயசைப் பாருங்கள். தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடு என்றார் வாத்தியார். தொட்டால் அஞ்சு வயசு. அவராக ஒரு தேதி போட்டார். பள்ளி திறக்கிற மாதத்துக்குத் தோதாக ஒரு தேதி. நம் அப்பன்மாரில் எத்தனை பேர் பிறந்த தேதி வாத்தியார் பெற்றெடுத்த தேதி! ஆத்தாக்காரி சொன்ன கணக்கு வேறு: "காந்தி செத்த வருசம்", "புயலடிச்சுப் பாலம் போன வருசம்". முதலாவது 1948, இரண்டாவது 1964 என்று எவரும் எடுத்து எழுதிக்கொள்ளலாம். கிழவி சொன்னது கணக்காகாது, வாத்தியார் போட்ட கற்பனைத் தேதி சர்டிபிகேட் ஆகும்.

பெயரையே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தோழர்களே. குப்பன், குப்பாயி, பிச்சை, மண்ணாங்கட்டி. இந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் செத்துப்போனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, சாவு கண்ணில் படாதிருக்க இப்படிப் பெயர் வைத்தார்கள். எல்லாச் சாதியிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் பிள்ளை சாவு அதிகம் விழுந்தது எந்த வீட்டில் என்று சொல்லவேண்டுமா? ஒரு குப்பாயி நோட்டில் இருந்தால், அவளுக்கு முன்னால் நோட்டில் ஏறாமலே செத்துப்போன அண்ணன் அக்கா இருந்திருக்க வாய்ப்பு உண்டு. முன்சீப் எழுதாத சாவைத் தாய் தன் அடுத்த பிள்ளையின் பெயரில் எழுதிவைத்தாள்.

1876–78 தாது வருசப் பஞ்சத்தில் மாகாணத்தில் லட்சக்கணக்கில் மாண்டார்கள். கஞ்சித் தொட்டிக்குப் போகிற வழியிலும் கூலி முகாமிலும் விழுந்த பிணங்களில் நிலம் இல்லாதவன் பிணம்தான் அதிகம். ஊரைவிட்டு வெளியேறிச் செத்தவனை எந்த ஊர் முன்சீப் எழுதுவான்?

கல்யாணத்துக்கு நோட்டே கிடையாது. தாய்மாமன் சாட்சி, பங்காளி சாட்சி, அவ்வளவுதான். சுயமரியாதைத் திருமணத்துக்கே 1967இல் சட்டத்தைத் திருத்தித்தான் செல்லுபடி வந்தது. எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2009இல். அதற்கு முன்பு புருசனை இழந்த நம் பெண்கள், "நான்தான் அவரு பொண்டாட்டி" என்று நிரூபிக்க எத்தனை ஆபீஸ் படியேறினார்கள்!

எங்கே எழுதினார்கள்?

நம்மை எழுதத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விற்கவேண்டும் என்றால் எழுதினார்கள். ஆளை விற்ற ஓலைகள் இருக்கின்றன. ஆ. சிவசுப்பிரமணியன் "தமிழகத்தில் அடிமை முறை" என்று நூலே எழுதியிருக்கிறார். விற்றவன் பெயர், வாங்கியவன் பெயர், விலை, சாட்சி எல்லாம் அந்த ஓலைகளில் உண்டு. அடிமையின் பெயரும் உண்டு, ஏனென்றால் சரக்கு எது என்று தெரியவேண்டுமே! 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையைக் கோர்ட்டில் கேட்க முடியாதபடி செய்தது. ஓலை நின்றது, பண்ணையாள் முறை நின்றதா?

கப்பலில் ஏற்றவேண்டும் என்றால் எழுதினார்கள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. 1911வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. தோட்டத்தைவிட்டு ஓடினால் பிடித்து இழுத்துவர அடையாளம் வேண்டும் அல்லவா? அந்தக் கப்பல் பட்டியலை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகள் இன்று வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். சொந்த ஊர் நோட்டில் பாட்டன் இல்லை. அவனைக் கூலியாக வாங்கிய ஊரின் நோட்டில் தழும்போடு இருக்கிறான். பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்லிக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது. சேரியைத் தலைமுழுக ஒருத்தனுக்குக் கிடைத்த ஒரே ஜன்னல் அது.

மதம் மாற்றவேண்டும் என்றாலும் எழுதினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707 மே மாதத்தில் முதலில் ஞானஸ்நானம் கொடுத்தது டேனிஷ்காரர்களிடம் அடிமையாக இருந்தவர்களுக்கு. அதிலிருந்து சபைப் பதிவேடுகள் தொடர்கின்றன. பிள்ளை பெயர், தாய், தகப்பன், ஞானத்தகப்பன், கல்யாணம், அடக்கம் என்று வரிசையாக. முன்சீப் நோட்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதே சபைகள்தான் கல்லறையில் சுவர் எழுப்பின, கோயிலுக்குள் தனியாக உட்காரவைத்தன. எழுதினார்கள் என்பதற்காகச் சமமாக நடத்தினார்கள் என்று ஏமாந்துவிட வேண்டாம்.

எழுதாதது எழுதத் தெரியாமல் நடந்ததில்லை. நம் உழைப்பு, உடல், ஆன்மா இதில் ஏதாவது ஒன்று எவனுக்காவது தேவைப்பட்ட இடத்தில் நம் பெயர் ஏறியது. நாம் உரிமை கேட்கக்கூடிய இடத்தில் ஏறவில்லை.

காகிதம் இல்லாதவனுக்கு நாடு இல்லை

போனால் போகட்டும், பழைய நோட்டுதானே என்று சொல்கிறவர்கள் மலையகத்தைப் பார்க்கட்டும். கங்காணி பிடித்துக்கொண்டு போன கூலிகளில் பெரும்பாலோர் நம் மக்கள். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள், செக்ரோலில் பெயர் எழுதினார்கள், கங்காணியின் கடன் கணக்கில் பெயர் எழுதினார்கள். பிறப்பை ஒழுங்காகப் பதியவில்லை. 1948இல் இலங்கை சுதந்திரம் வாங்கிய கையோடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். காகிதம் காட்டு! லயத்து அறையில் பிறந்தவனின் பூட்டனுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? லட்சக்கணக்கானவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை ஆடுமாடுபோலப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம். இலங்கையில் எஞ்சியவர்களுக்கு முழுமையான தீர்வாக ஒரு சட்டம் வர 2003 ஆயிற்று. அந்தச் சட்டம் தாயின் வழியைக் கேட்கவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறித்தது யார்? பெண்கள். பரம்பரை யாருடையது? ஆணுடையது.

2019இல் அஸ்ஸாமில் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சம் பேர் விடுபட்டார்கள். அங்கேயும் கேட்டது தாத்தன் காகிதம்தான். 2025இல் பீகாரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்திலும் தாய் தகப்பன் காகிதம் கேட்கப்பட்டது. மலையகத்துக் கதை மலையகத்தோடு முடியவில்லை.

நம்ம ஊருக்கே வருவோம். 1892இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அது யார் கையில் இருக்கிறது என்று உலகத்துக்கே தெரியும். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். பழைய கணக்கில் பாட்டன் பெயர் இருந்தாலும், "நீ அவரு பேரன்னு எப்படி நம்புறது? இறப்புச் சான்று எங்கே, வாரிசுச் சான்று எங்கே?" என்பார்கள். நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலத்தை அரசே எடுத்து வேறு தலித்துக்குத் தரவேண்டும். அதற்குப் பேரன் வந்து நிற்கவேண்டிய அவசியமே இல்லை. அதைச் செய்யாமல் பேரனிடம் காகிதம் கேட்பது ஏமாற்று வேலை.

சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்களைப் பாருங்கள். 1993 முதல் அப்படிச் செத்த அனைவரின் குடும்பத்தையும் கண்டுபிடித்து 10 லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கண்டுபிடிக்க எதைப் பார்ப்பது? இறப்புச் சான்றில் அவன் எப்படிச் செத்தான் என்பது இருக்காது. எழுதியிருந்தால் முதலாளியும் அதிகாரியும் உள்ளே போகவேண்டும். 1899இல் சாவையே எழுதாமல் விட்டார்கள். இன்று சாவை எழுதிக் காரணத்தை விழுங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், காகிதம் இருப்பதும் நமக்கே வினையாகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. பாட்டியைத் தேடிப் போனால் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே ஏடு ஞானஸ்நான ஏடு. அதே ஏட்டைக் காட்டித்தான் உன் இடஒதுக்கீடு செல்லாது என்கிறார்கள். 2024இல் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பிலும் ஞானஸ்நானப் பதிவு சான்றாக நின்றது. இல்லாத ஏடும் அடிக்கிறது, இருக்கிற ஏடும் அடிக்கிறது.

நமக்கு வம்சப் பெருமை வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கை. வெற்றிடத்தைக் கண்டதும் அதில் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற ஆசை நம்மில் சிலருக்கு வருகிறது. "நாங்களும் ஆண்ட பரம்பரை!" எவன் சாதிப் பெருமை பேசி நம்மை மிதித்தானோ அவன் செருப்பையே எடுத்து நாமும் மாட்டிக்கொள்வதா? நம் முன்னோரைத் தேடுவது கோத்திரம் சொல்வதற்கு இல்லை. நிலத்தை வாங்க, கூலிக்கும் சாவுக்கும் கணக்குக் கேட்க.

அயோத்திதாசர் தம் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர், குறள் ஓலைகளை எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்தவர் என்று பதிவு செய்தார். ராஜா என்று சொல்லவில்லை. ஏட்டைக் காப்பாற்றியவன் சமையல் வேலைக்காரன் என்றார்! குடிக்கணக்கெடுப்பில் சாதியில்லாத திராவிடர் என்று பதியுங்கள் என்றார். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து எழுதிய நூலின் முன்னுரையில், சங்கிலியில் கண்ணி விட்டுப்போன இடத்தில் ஆய்வாளன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமா என்று கேட்டு, காரணத்தோடு ஊகம் செய்ய நமக்கு உரிமை உண்டு என்று வாதிட்டார். காரணத்தோடு என்பதுதான் முக்கியம். ஊகத்தை ஊகம் என்று சொல்லவேண்டும். கட்டுக்கதை வேறு, ஊகம் வேறு.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்குச் சொல்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் கிழவிகளிடம் உட்காருங்கள். ஒப்பாரியில் செத்தவன் பெயர் வரும், பிறந்த வீடு வரும், தாய்மாமன் வருவான். யார் யாருக்கு எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள் என்று கிழவி சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். சர்க்கார் நோட்டில் விட்டுப்போன பெண்களின் பெயர் அவளிடம்தான் இருக்கிறது.

பரணில் மொய் நோட்டு இருக்கும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதியிருக்கும். நம் சனம் தன் கையால் எழுதிய கல்யாணப் பதிவேடு அது. கரையான் அரிக்குமுன் படம் எடுங்கள். குலதெய்வக் கோயிலில் வரி கட்டுகிற பங்காளி வகையறாவை எழுதுங்கள். பிழைக்கப் போனவன் எந்த ஊரிலிருந்து போனான் என்பதற்கு அது துப்பு. அதற்குப் பிறகு சார்பதிவாளர் ஆபீசுக்கும் தாலுகாவுக்கும் போங்கள். "இல்லை" என்றால் அந்த இல்லையை எழுத்தில் கேளுங்கள். பதிவு இல்லை என்ற சான்று கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்தச் சான்றுகளை ஒரு சேரி முழுவதற்கும் சேர்த்து அடுக்கிப் பாருங்கள். ஊர்த் தெருவுக்கும் அதே வருசத்துக் கணக்கைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அங்கே எத்தனை வரி, இங்கே எத்தனை வரி? அந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே குற்றப்பத்திரிகை.

இயக்கங்கள் வைக்கவேண்டிய கோரிக்கைகளும் இருக்கின்றன. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தை 2023இல் திருத்தி, அதன்பின் பிறப்பவர்களுக்குப் பள்ளி முதல் வேலைவரை பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம் என்றார்கள். ஓராண்டு தாண்டிய பதிவுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரியிடம் ஆணை வாங்கவேண்டும். அப்படியானால் செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டுகிற இடத்திலும் பிறக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த ஆணையைத் தேடி அலைய யாருக்குக் கூலி போகும்? அதிகாரி சூளைக்கு வரட்டும். பழைய கிராம நோட்டுகளை அழியவிடாமல் படியெடுத்துப் பொதுவில் வைக்கட்டும். பதியத் தவறியது அரசின் குற்றம் என்பதால் நிலம், சாதிச் சான்று, வாரிசு எதிலும் நம் ஊராரின் வாய்மொழிச் சாட்சியை ஏற்கட்டும். தாய்வழியையும் பரம்பரை என்று ஒப்புக்கொள்ளட்டும். சாக்கடைச் சாவைச் சாக்கடைச் சாவு என்று எழுதட்டும்.

பாட்டன் பெயர் இல்லாததற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ரெக்கார்டு ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். அங்கேயே நின்று கேளுங்கள்: "யார் எழுதாம விட்டது? அந்த ஆளு பேரு ரெக்கார்டுல இருக்கா?" இருக்கும். அவன் பெயர், அவன் அப்பன் பெயர், அவன் வாங்கிய சம்பளம் எல்லாம் இருக்கும். அங்கிருந்து நம் தேடலைத் தொடங்குவோம்.